அரக்கு அரக்காகவே தெரிய வேண்டும்: ஓப்பன் கேமரா செயலியோடு எட்டு மாதம்

சென்ற ஆவணியில் ஒரு புடவை கோயம்புத்தூர் வரை போய்த் திரும்பி வந்தது. அரக்கு உடல், பச்சைக் கரை, விலை 11,500 ரூபாய். வாங்கியவர் சண்டை போடவில்லை. "அக்கா, படத்தில் செங்கல் நிறமாக இருந்தது. அதற்காகத்தான் ஆசைப்பட்டேன். பெட்டியைத் திறந்தால் அரக்கு" என்றார். அனுப்பிய படத்தை எடுத்துப் பார்த்தேன். செங்கல்லேதான். இரண்டு பக்கக் கூரியர் செலவும் என் தலையில் விழுந்தது.

திருபுவனத்தில் தெரிந்த தறிக்காரர்களிடம் பட்டுப் புடவைகள் வாங்கி, வீட்டிலிருந்தே வாட்ஸ்அப் வழியாக விற்கிறேன். என்னிடம் வாங்குகிறவர்கள் சிவப்பு, பச்சை என்று கேட்பதில்லை. மாம்பழ மஞ்சள், வெங்காயச் சருகு, கிளிப்பச்சை, மயில்கழுத்து, எம்.எஸ். சுப்புலட்சுமி பெயரால் வழங்கும் எம்.எஸ். நீலம் என்றுதான் கேட்கிறார்கள். ஒவ்வொரு பெயருக்கும் அவர்கள் மனத்தில் ஒரு நிறம் இருக்கிறது. அது ஒரு நூல் பிசகினாலும் கண்டுபிடித்துவிடுவார்கள். என் போனின் கேமராவுக்கு அந்தக் கவலை இல்லை. எதை எடுத்தாலும் பார்க்கப் பளிச்சென்று இருந்தால் போதும் அதற்கு.

அக்காள் மகன்தான் ஓப்பன் கேமராவை ஏற்றிக் கொடுத்தான். ஆண்ட்ராய்டு போனுக்கு மட்டும் உள்ள செயலி. மார்க் ஹார்மன் என்பவர் எழுதியது. இலவசம், விளம்பரம் கிடையாது. மூல நிரலையும் எல்லோருக்கும் திறந்து வைத்திருக்கிறார். ஏற்றியவுடன் ஒன்றும் புரியவில்லை. சின்னச் சின்னக் குறிகள், முடிவில்லாத பட்டியல்கள். என் போனில் அமைப்புகளுக்குள் போய் 'கேமரா ஏ.பி.ஐ.' என்ற இடத்தில் 'கேமரா2' என்று மாற்றிய பிறகுதான் கையால் திருப்பும் வசதிகளே கண்ணில் பட்டன. இது தெரியாமல் செயலியைத் திட்டி நீக்கியவர்கள் நிறையப் பேர் இருப்பார்கள்.

எனக்கு உயிர் கொடுத்தது ஒயிட் பேலன்ஸ், அதாவது விளக்கின் சாயலைக் கழித்து வெள்ளையை வெள்ளையாகக் காட்டும் அமைப்பு. தானியங்கிக் கேமரா ஒரு தவறான ஊகத்தோடு வேலை செய்கிறது. திரை முழுக்க ஒரே நிறம் நிறைந்தால், அது விளக்கின் சாயல் என்று எண்ணி அடக்கப் பார்க்கிறது. மாம்பழ மஞ்சள் புடவையை விரித்து எடுத்தால் எலுமிச்சையாக வெளுக்கும். அதையே மடித்துப் பக்கத்தில் வெள்ளை வேட்டி வைத்து எடுத்தால் மஞ்சள் திரும்பி வரும். ஒரே புடவை, ஒரே ஜன்னல், இரண்டு நிறம். கோயம்புத்தூர்ப் படத்தில் கதை வேறு. இரவில் மஞ்சள் பல்பின் கீழ் அவசரமாக எடுத்தது. பல்பின் மஞ்சளைப் போன் முழுதாகக் கழிக்கவில்லை. அது அரக்கின் மேல் ஏறி உட்கார்ந்து செங்கல்லாகிவிட்டது.

இந்தச் செயலியில் ஒயிட் பேலன்ஸைக் கைக்கு மாற்றினால் கெல்வின் எண்களோடு ஒரு பட்டை வரும். கெல்வின் என்பது விளக்கொளியின் சாயலைச் சொல்லும் அளவு; எண் கூடக் கூட ஒளி நீலம். எண்ணைக் கூட்டினால் படம் மஞ்சளாகும், குறைத்தால் நீலமாகும். முதலில் இது தலைகீழாகத் தோன்றியது. மஞ்சள் பல்பு 2,700 கெல்வின், வெள்ளை டியூப் லைட் 6,500 என்றல்லவா அட்டைப் பெட்டியில் போட்டிருக்கிறது? பட்டையில் நாம் சொல்வது 'விளக்கு இப்படி இருக்கிறது' என்பதை. விளக்கு நீலம் என்று சொன்னால் செயலி மஞ்சளைச் சேர்த்து ஈடுகட்டுகிறது. இது பிடிபட எனக்கு இரண்டு நாள் ஆயிற்று. இப்போது காலை பத்து மணிக்குக் கூடத்து வடக்கு ஜன்னலோரம் பாயை விரித்து, டியூப் லைட்டை அணைத்துவிட்டு, வெள்ளை வேட்டி ஒன்றை வைத்து அது வெள்ளையாகத் தெரியும்வரை பட்டையை நகர்த்துகிறேன். எங்கள் வீட்டில் பெரும்பாலும் 6,200-க்குப் பக்கத்தில் நிற்கிறது. அதன் பிறகு இருபது புடவைகள் எடுத்தாலும் பட்டையைத் தொடுவதில்லை.

மயில்கழுத்தில் இதன் அருமை தெரியும். பாவு (நீள நூல்) ஒரு நிறம், ஊடை (குறுக்கு நூல்) ஒரு நிறம். ஒரு பக்கம் நின்றால் நீலம், மறுபக்கம் நின்றால் பச்சை. முன்பெல்லாம் இரண்டு கோணத்தில் எடுத்து அனுப்பினால், மாறியது பட்டா, போனா என்று எனக்கே தெரியாது. இப்போது அமைப்பு மாறாமல் நிற்பதால், மாறுவது பட்டுதான் என்று துணிந்து சொல்கிறேன்.

அடுத்தது ஷட்டர், அதாவது படத்துக்குள் வெளிச்சம் விழும் நேரம். மழை நாட்களிலும் இரவிலும் டியூப் லைட்டை விட்டால் கதியில்லை. பழைய செம்புச் சோக் போட்ட எங்கள் டியூப் லைட்டில் எடுத்தால் சில படங்களில் குறுக்கே கறுப்புப் பட்டைகள் ஓடும். புடவையில் இல்லாத பட்டையைப் பார்த்துவிட்டு "கோடு போட்ட டிசைனா?" என்று கேட்டவரும் உண்டு. நம் வீட்டு மின்சாரம் நொடிக்கு 50 சுற்று. அந்த விளக்கு நொடிக்கு 100 முறை மங்கி எரிகிறது. ஷட்டரை 1/100, 1/50, 1/25 நொடி என்று வைத்தால் மங்கலும் எரிதலும் முழுதாக அடங்கிவிடும், பட்டை வராது. 1/250 என்று போனால் வரும். இரவில் ஐ.எஸ்.ஓ. (விழும் வெளிச்சத்தைக் கேமரா எவ்வளவு கூட்டிக் காட்டுவது என்ற எண்) 200, ஷட்டர் 1/25, போன் முக்காலியில். பகலில் ஜன்னலோரம் ஐ.எஸ்.ஓ. 100, ஷட்டர் 1/100. என் போனில் லென்ஸின் துவாரம் மாறாதது. ஆகவே வெளிச்சத்துக்கு இந்த இரண்டு எண்களோடு மல்லுக்கட்டினால் போதும். ஐ.எஸ்.ஓ.வை 800-க்கு ஏற்றினால் படம் புள்ளி புள்ளியாகி, அதைப் போன் தேய்த்து மெழுகி, ஜரிகை இழைகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்கின்றன. தறிக்காரர் இரண்டு வாரம் நெய்ததை அழிக்க நான் யார்?

கறுத்த உடலில் பெரிய ஜரிகைக் கரை வந்தால் தானியங்கிக் கேமரா உடலைப் பார்த்துப் படத்தை வெளுக்க வைக்கும். ஜரிகை வெள்ளைக் காகிதமாகிவிடும். இதில் வரிக்குதிரைக் கோடுகள் என்று ஒரு வசதி இருக்கிறது. எங்கே வெளிச்சம் அளவுக்கு மீறியதோ அங்கே திரையில் கோடுகள் ஓடும். கோடுகள் மறையும்வரை ஷட்டரை வேகப்படுத்தினால் ஜரிகை தங்கமாகவே நிற்கிறது. ஃபோகஸையும் கையால் வைக்கலாம். முந்தானையில் ஒரு அன்னத்தை மட்டும் நெருங்கி எடுக்கும்போது உதவுகிறது.

சத்தம் கேட்டால் தானாகப் படம் எடுக்கும் வசதியையும் ஆசையோடு வைத்துப் பார்த்தேன். கை தட்டினால் எடுக்க வேண்டும். எடுத்தது. குக்கர் விசிலுக்கும் எடுத்தது. நான் பாதி குனிந்து புடவையை மடித்துக்கொண்டிருக்கும் மூன்று படங்கள் இன்னும் போனில் இருக்கின்றன. இப்போது இரண்டு நொடி டைமர்தான்.

குறைகள் இல்லாமல் இல்லை. போன் நிறுவனங்கள் தங்கள் கேமராவில் ஒளித்து வைத்திருக்கும் இரவுப் பட வித்தைகள் இதில் அப்படியே கிடைப்பதில்லை. ஓடும் குழந்தை, கல்யாணக் கூட்டம் என்றால் போனின் சொந்தக் கேமராவே மேல். நாம் வைத்த எண்களை இது மறப்பதும் இல்லை. சித்தப்பா மகளின் வளைகாப்புக்குப் போய், வெயிலில் நின்றவளை இரவு அமைப்பிலேயே எடுத்தேன். வளையல் தெரிந்தது, முகம் தெரியவில்லை. தப்பு என்னுடையதுதான். நிறங்களைப் பின்னால் திருத்த உதவும் ரா கோப்புகளும் எடுக்கலாம், ஆனால் என் 12 மெகாபிக்சல் போனில் ஒவ்வொன்றும் 24 எம்.பி. அளவுக்கு வருகிறது. ஒரு நாளைக்கு முப்பது புடவை எடுப்பவளுக்கு அது கட்டுப்படியாகாது.

எட்டு மாதத்தில் நிறத்தைக் காரணம் காட்டித் திரும்பி வந்தது ஒன்றே ஒன்று. அது கத்தரிப்பூ நிறம். அந்த ஊதாவை மட்டும் என் போன் எந்த எண்ணுக்கும் நீலமாகவே காட்டுகிறது; பட்டையை இழுத்துச் சரிசெய்தால் பக்கத்துப் பச்சைக் கரை கெட்டுப்போகிறது. அதனால் கத்தரிப்பூ புடவைகளின் படத்துக்குக் கீழே "நேரில் இன்னும் கொஞ்சம் சிவப்பு கலந்திருக்கும்" என்று எழுதி, பக்கத்தில் ஒரு நிஜக் கத்தரிப் பூவையும் வைத்து எடுத்து அனுப்புகிறேன். பூவும் நீலமாகத்தான் விழுகிறது. ஆனால் பூவின் நிறம் வாங்குகிறவர்களுக்குத் தெரியும்.