கிராங்க் புல்லி வர மறுத்தால்: எந்த வழி தேறும்?

எஞ்சினின் கிராங்க் தண்டு முனையில் இருந்து பெல்ட்டை ஓட்டும் சக்கரம்தான் கிராங்க் புல்லி. அதைக் கழற்றுவதில் சண்டை இரண்டு. முதலில் நடுவில் இருக்கும் போல்ட், அப்புறம் புல்லி. வடசென்னையில் காசிமேடு, திருவொற்றியூர் பக்கம் நிற்கும் கார்களில் உப்புக்காற்றுத் துரு இரண்டையும் கெட்டியாகப் பிடித்திருக்கும். முந்தின இரவே துரு இளக்கும் ஸ்பிரே அடித்து ஊறவிடுங்கள்.

போல்ட்டுக்கு வழக்கமான வழி, ஐந்தாம் கியர் போட்டு ஒருவர் பிரேக்கை மிதிக்க, இன்னொருவர் பவர் பாரில் (சாக்கெட் மாட்டித் திருப்பும் நீளக் கைப்பிடி) ஜிஐ இரும்புப் பைப்பைச் செருகி நெம்புவது. செலவில்லை. ஆனால் கியர்பாக்ஸ், ஆக்சில், டயர் என்று எல்லாமே கொஞ்சம் நெகிழ்ந்து கொடுப்பதால் பாதி பலம் அதிலேயே போய்விடும். ஆட்டோமேட்டிக் வண்டியில் இந்த வழியே கிடையாது. தண்டையார்பேட்டைச் சந்துகளில் சுவரை ஒட்டி வண்டி நிற்கும்போது நீளமான பைப்பைச் சுற்ற இடமும் இருக்காது.

அங்கே போல்ட்டைத் தட்டிச் சுழற்றும் இம்பாக்ட் கன்தான் ராஜா. விடாமல் தட்டித் தட்டியே துருவை உடைக்கும், கிராங்கைப் பிடித்து நிறுத்தும் வேலையும் பெரும்பாலும் மிச்சம். மணலி சாலையில் கன்டெய்னர் லாரிகளுக்கு டயர் மாற்றும் கடைகளின் பெரிய கன், காரின் வீல் ஆர்ச்சுக்குள் (சக்கரத்துக்கு மேல் இருக்கும் வளைவு) நுழையாது. அரை அங்குல பேட்டரி கன்னை வாடகைக்கு எடுங்கள். கடையில் போல்ட்டை லூஸ் ஆக்கிக்கொண்டு வீட்டுக்கு ஓட்டி வருகிறேன் என்று மட்டும் கிளம்ப வேண்டாம். சில எஞ்சின்களில், வால்வுகள் சரியான நேரத்தில் திறந்து மூட வைக்கும் டைமிங் பல்சக்கரத்தைப் பிடித்து வைத்திருப்பதே அந்த போல்ட்டின் இறுக்கம்தான். டைமிங் நழுவினால் வால்வு வளையவும் கூடும்.

பவர் பாரைத் தரையில் முட்டுக்கொடுத்து ஸ்டார்ட்டரைத் தட்டும் வித்தையும் உண்டு. சில பழைய ஹோண்டா எஞ்சின்கள் எதிர்ப்பக்கம் சுழலும். அவற்றில் போல்ட் இன்னும் இறுகும். மற்ற வண்டிகளிலும் கம்பி எகிறினால் கை போச்சு. எனக்கு இது வேண்டாம்.

போல்ட் வந்தும் புல்லி அசையாவிட்டால் பலரும் எடுப்பது மூன்று கால் புல்லர், அதாவது மூன்று கொக்கிக் கால்களால் பிடித்து இழுக்கும் கருவி. பாரிமுனை ஹார்டுவேர் கடைகளில் சுலபமாகக் கிடைக்கும். சிக்கல் என்னவென்றால், பல புல்லிகளில் வெளி வளையத்துக்கும் நடு ஹப்புக்கும் இடையே ரப்பர் இருக்கும். புல்லரின் கால்கள் வெளி வளையத்தைப் பிடித்து இழுத்தால் ரப்பர் கிழியும், இல்லாவிட்டால் வளையம் லேசாகக் கோணிக்கொள்ளும். அது உடனே தெரியாது. வண்டி ஓடும்போது பெல்ட் ஆடும். கம்பியால் நெம்பினால் இதே கதிதான், கூடவே அலுமினிய டைமிங் கவரும் விரிசல் விடலாம். வெல்டிங் பட்டறைக்காரர் காட்டும் நெருப்போ ரப்பரையும் பின்னால் இருக்கும் ஆயில் சீலையும் ஒருசேர முடித்துவிடும்.

ஹப்பில் மரையிட்ட துளைகள் இருந்தால் யோசிக்கவே வேண்டாம், அந்தத் துளைகளில் போல்ட் மாட்டி இழுக்கும் போல்ட் வகை புல்லர்தான். இழுவை முழுவதும் ஹப்பில் விழும், ரப்பருக்குச் சேதமில்லை. துளைகள் பெரும்பாலும் 6 அல்லது 8 மில்லி. தலையில் 8.8 என்று வலுத் தரம் பொறித்த போல்ட்டாக வாங்குங்கள். மட்டமானது என்றால் மரை உருவிக்கொள்ளும். புல்லரின் நடுத்திருகு நேராகக் கிராங்க் மரையில் குத்தக் கூடாது, பழைய போல்ட்டைச் சில சுற்று மட்டும் மிச்சம் இருக்கும்படி உள்ளே விட்டு அதன் தலையில் ஊன்றுங்கள். புல்லி படீரென்று விடுபட்டாலும் அந்தத் தலை தடுத்துக்கொள்ளும்.

துளையே இல்லாத புல்லி என்றால் மூன்று கால் புல்லர்தான் மிச்சம். கால்கள் ரப்பருக்கு உள்பக்கம் ஹப்பைப் பிடிக்கும்படி மெல்லியதாகப் பார்த்து வாங்க வேண்டும்.