டாம்பியரா, ரோஜர்ஸா?

எதிரிக் கப்பல்களைக் கொள்ளையடிக்க அரசே அனுமதிச் சீட்டு கொடுத்த காலம் அது. அந்தக் கடலில் வில்லியம் டாம்பியர், வுட்ஸ் ரோஜர்ஸ் என்ற இரண்டு ஆங்கிலேயர்களில் யார் கப்பலில் ஏறலாம்?

தலைவனாக டாம்பியர் தேறமாட்டார். அவர் தலைமையில் சென்ற 'ரோபக்' கப்பல் 1701-இல் அட்லாண்டிக்கின் அசென்ஷன் தீவருகே மூழ்கியது. துணை அதிகாரியைக் கொடுமைப்படுத்தியதாகக் கடற்படை நீதிமன்றம் அவரைத் தண்டித்தது. ஆனால் எழுதுகோலைக் கையில் கொடுத்தால் ஆளே வேறு! 1681-இல் பனாமாக் காட்டைக் கடந்தபோது, குறிப்புகளை மூங்கில் குழாயில் போட்டு, இருபுறமும் மெழுகால் அடைத்துக் காப்பாற்றினார். காற்று, நீரோட்டம், செடிகொடி, சாப்பாடு, எதையும் விடவில்லை. 1690-இல் நம் சென்னை ஜார்ஜ் கோட்டைக்கும் வந்துபோனார். உலகை மூன்று முறை சுற்றியவர்.

ரோஜர்ஸ் நேர்மாறு, ஆட்களைக் கட்டி மேய்க்கத் தெரிந்தவர். 1708-இல் பிரிஸ்டலிலிருந்து இரண்டு கப்பல்களுடன் கிளம்பி, அடுத்த ஆண்டு ஸ்பானியப் புதையல் கப்பலைப் பிடித்தார். தாடையில் குண்டு பாய்ந்ததுதான் கூலி. பிறகு பஹாமாஸ் ஆளுநராகிக் கடற்கொள்ளையரை ஒடுக்கினார்.

வேடிக்கை என்னவென்றால், அந்த 1708 பயணத்தில் ரோஜர்ஸுக்கு வழிகாட்டி மாலுமியே டாம்பியர்தான். 1704-இல் டாம்பியரின் பயணத்தில் வந்த துணைக் கப்பல் ஆளில்லாத் தீவில் விட்டுப்போன மாலுமி அலெக்சாண்டர் செல்கர்க்கை, 1709-இல் இருவரும் சேர்ந்தே மீட்டார்கள். என் ஓட்டு: சுக்கான் டாம்பியருக்கு, கட்டளை ரோஜர்ஸுக்கு.