பீர் வாளியிலிருந்து ‘திருட’ எது நல்லது?

வீட்டில் பீர் போடுகிறவர்கள் சாம்பிள் எடுக்கும் குழாயை ஒயின் தீஃப் என்பார்கள். பெயரிலேயே திருடன் இருக்கிறான். கடையில் கிடைக்கும், ஆனால் பினாங்கில் என் அடுக்குமாடி வீட்டுச் சமையலறையில் இருப்பதோ ஒரே ஒரு 10 லிட்டர் வாளி. அதற்கென்று தனியாக வாங்க மனம் வராமல் நானே மூன்று செய்து பார்த்தேன்.

பீரில் மிதந்து அதன் அடர்த்தியை எண்ணாகக் காட்டும் கருவிதான் ஹைட்ரோமீட்டர்; சர்க்கரை நொதிக்க நொதிக்க எண் இறங்கும். அது மிதக்க ஒரு தடவைக்குச் சுமார் 100 மில்லி வேண்டும். எடுத்ததைத் திரும்ப ஊற்றக் கூடாது, கிருமி போய்விடும். தோட்டத்துக் கள்ளுக்கடையில் தாத்தா நுரையைப் பார்த்தே பதம் சொல்லிவிடுவாராம். எனக்கு அந்தக் கண் இல்லை, எண்தான் வேண்டும்.

முதலில் செய்தது கட்டைவிரல் குழாய். பீரில் இறக்கி, மேல்வாயை விரலால் அடைத்துத் தூக்க வேண்டும், அவ்வளவுதான். சீக்கிரம் நிறையட்டுமே என்று 16 மில்லிமீட்டர் உள்விட்டமுள்ள அக்ரிலிக் குழாய் வாங்கினேன். தூக்கியதும் ‘குபுக்’கென்று ஒரு சத்தம், பாதி வாளிக்குள், மீதி என் காலில். வாய் அகலமாக இருந்தால் அடியிலிருந்து காற்று நுழைந்து பீரைக் கீழே தள்ளிவிடும். சரி என்று 8 மில்லிமீட்டருக்கு மாறினேன். அது பிடித்துக்கொண்டது, ஆனால் 25 சென்டிமீட்டர் ஆழம் இறக்கினாலும் ஒரு தடவைக்கு 12 மில்லிதான் வருகிறது. 100 மில்லிக்கு எட்டு முறை முக்க வேண்டும். அதுவரை மூடி திறந்தே கிடக்கும். போதாக்குறைக்கு, பீரில் கரைந்திருக்கும் வாயு மேலே வந்து தள்ளுவதால் வழியெல்லாம் சொட்டும்.

அடுத்து, வாளியின் அடியில் துளை போட்டு ரப்பர் வாஷரோடு ஒரு திருகுகுழாய் வைத்தேன். மூடியைத் தொடவே வேண்டாம், திருகினால் போதும். ஆனால் முதலில் வருவது ஈஸ்ட் வண்டல். பீர் இறங்க இறங்க, மூடியில் இருக்கும் காற்றுப்பூட்டின் (வாயுவை வெளியே விட்டு, காற்றை உள்ளே விடாத அமைப்பு) தண்ணீர் வாளிக்குள் இழுபடும். எனக்குப் பெரிய தொல்லை குழாயின் மூக்கில் தங்கும் சில சொட்டுதான். நம் ஊர் 30 டிகிரியில் அது புளிக்காமல் இருக்குமா? ஒவ்வொரு தடவையும் மூக்குக்குள் கிருமிநாசினி அடிக்க வேண்டும். ஒரு நாள் மறந்தேன். அந்த வாளியில் லேசான புளிப்பு தட்டியது. குழாய்தான் காரணம் என்று நிரூபிக்க முடியாது, ஆனால் என் சந்தேகம் அங்கேதான்.

இப்போது கையில் இருப்பது மருந்துக் கடையில் வாங்கிய 60 மில்லி சிரிஞ்ச். ஊசி கிடையாது, மூக்குக் குழாய் வழியாக நோயாளிக்குப் பால் கொடுப்பார்களே, அது. சில வெள்ளிதான் (ரிங்கிட்). நுனியில் 40 சென்டிமீட்டர் சிலிகான் குழாய் மாட்டி, எல்லாவற்றையும் ஸ்டார் சான் என்ற கிருமிநாசினிக் கரைசலில் இரண்டு நிமிடம் ஊற வைப்பேன். காற்றுப்பூட்டைக் கழற்றினால் இருக்கும் துளை வழியாகவே உள்ளே விடலாம், மூடி மூடியபடியே இருக்கும். இரண்டு இழுப்பில் வேலை முடிந்துவிடும்.

மெதுவாக இழுக்க வேண்டும். வேகமாக இழுத்தால் நுரை கட்டும். அந்தக் குமிழிகள் ஹைட்ரோமீட்டரில் ஒட்டி அதைத் தூக்கிவிடும், எண் கூடுதலாகத் தெரியும். காம்பைப் பிடித்து ஒரு சுழற்று சுழற்றி, கொஞ்சம் பொறுத்துப் பாருங்கள். பெரும்பாலான ஹைட்ரோமீட்டர்கள் 20 டிகிரிக்குச் செய்தவை. 30 டிகிரியில் 1.010 என்று காட்டினால் உண்மையில் 1.012 போல இருக்கும். இரண்டு மூன்று நாள் எண் அசையாமல் நின்றால்தான், அதாவது நொதிப்பு முடிந்தால்தான், பாட்டிலுக்கு மாற்ற வேண்டும், இல்லையென்றால் பாட்டில் வெடிக்கலாம்.

ஒளி வளைவதை வைத்துச் சர்க்கரையை அளக்கும் ரிஃப்ராக்டோமீட்டருக்குச் சில சொட்டே போதும் என்பது சரிதான். ஆனால் ஆல்கஹால் சேர்ந்த பிறகு அது காட்டும் எண்ணைக் கணக்குப் போட்டுத் திருத்த வேண்டும். எனக்கு அந்தப் பொறுமை இல்லை.

சிரிஞ்சின் ரப்பர் இறுகத் தொடங்கினால் புதிது வாங்கிவிடுவேன். குழாய் வைத்த வாளியையும் தூக்கிப் போடவில்லை. பாட்டிலில் ஊற்றும் நாளில், வடித்த பீரை மாற்றி வைக்க அதைப் போல வசதி வேறில்லை.