கற்றாழை தொட்டு நட்ட போத்துகள்: 3 ஆண்டுகளுக்குப் பிறகு

"வேர்விடும் பொடி வாங்கத்தான் வேண்டுமா, கற்றாழையே போதுமா?" என்று போன வாரம் நண்பர் கேட்டார். சட்டென்று பதில் சொல்ல முடியவில்லை. 3 ஆண்டுகளாகக் கற்றாழை, தேன், சமையல் பட்டைத் தூள், இளநீர் என்று வீட்டில் கிடைப்பதைத் தொட்டுத்தான் போத்து, அதாவது வேர்விட வெட்டி நடும் தண்டு, நடுகிறேன். எந்தக் கணுவுக்குக் கீழே வெட்டுவது, எத்தனை இலையை விடுவது என்பதெல்லாம் கேட்டவருக்கும் தெரியும், உங்களுக்கும் தெரியும். அதை விட்டுவிடுகிறேன்.

முதலில் என் கோபத்தைச் சொல்லிவிடுகிறேன். மணி பிளாண்டையும் முருங்கைப் போத்தையும் கற்றாழையில் தோய்த்து நட்டுவிட்டு, வேர் வந்ததும் கற்றாழையின் மகிமை என்கிறார்கள். மணி பிளாண்டின் கணுவைத் தடவிப் பாருங்கள், வேர்முனை ஏற்கெனவே புடைத்து நிற்கும். வெறும் தண்ணீரில் போட்டாலும் அது வேர்விடும். நுனித் தளிரிலும் இளம் இலையிலும் உருவாகும் ஆக்சின் என்ற வளர்ச்சி ஹார்மோன் தண்டு வழியே இறங்கி வெட்டுவாயில் தேங்குகிறது. வேரைக் கிளப்புவது அதுதான். செடி பாடுபட்டு விட்ட வேருக்குக் கற்றாழைக்குப் பெயரா? அந்த நம்பிக்கையில் ரோஜாவை வெட்டி நட்டுத் தோற்றவர்கள், தங்கள் கை ராசியில்லை என்று ஒதுங்கிவிடுகிறார்கள். அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

ரோஜாவில்தான் எதன் சாயமும் வெளுக்கிறது. இரண்டாம் ஆண்டில் ஒரே செடியிலிருந்து ஒரே காலையில் 12 போத்துகள் வெட்டினேன். நான்கைக் கற்றாழையில் தோய்த்தேன், நான்குக்குப் பட்டைத் தூள், நான்குக்கு ஒன்றுமே இல்லை. கற்றாழையில் 2 பிழைத்தன, பட்டைத் தூளில் 3, சும்மா நட்டதில் 2. இவ்வளவு சிறிய கணக்கை வைத்து நான் எதையும் சாதிக்கப் போவதில்லை. ஆனால் செத்துப்போன கற்றாழைப் போத்துகள் இரண்டையும் பிடுங்கிப் பார்த்தது மறக்கவில்லை. அடியிலிருந்து இரண்டு விரற்கடை உயரத்துக்குக் கறுத்திருந்தது. தொட்டதும் தோல் வழுக்கி விரலோடு வந்துவிட்டது. புளித்த வாடை. கற்றாழைச் சோற்றை வழித்துக் கட்டியாக அப்பியிருந்தேன், அந்தக் கட்டிதான் மண்ணுக்குள் அழுகித் தண்டையும் சேர்த்து அழுக வைத்திருக்கிறது. அதன் பிறகு மடலை வெட்டி, மஞ்சள் பால் முழுக்க வடியும்வரை சாய்த்து வைத்து, மெல்லிய படலமாகத் தொட்டு உடனே நடுகிறேன். அழுகல் குறைந்துவிட்டது. ஆனால் எடுத்து வைக்க மட்டும் முடியாது. இரண்டு நாளில் நீர்த்து நாறிவிடும், ஒவ்வொரு முறையும் புது மடல் வெட்ட வேண்டும். 3 ஆண்டுகளாகத் தீராத எரிச்சல் இது.

பட்டைத் தூளை நான் அதிகம் எதிர்பார்க்கவில்லை, அது என்னை வியக்க வைத்தது. அது வேரைத் தூண்டுவதாக நான் நினைக்கவில்லை. அதிலுள்ள சின்னமால்டிஹைடு என்ற வேதிப்பொருள் பூஞ்சையை அடக்குகிறது, வெட்டுவாய் அழுகாமல் நின்றால் மற்றதைச் செடி பார்த்துக்கொள்கிறது. ஒரு சிட்டிகை போதும். அள்ளிப் பூசினால் வெட்டுவாய் வறண்டுவிடும்.

தேனைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. கிருமியைத் தடுக்கும், உண்மைதான். எறும்பு வந்து மண்ணைக் கிளறிப் போத்தையே ஆட்டிவிட்டது. விட்டுவிட்டேன்.

இளநீரில் ஊறவைத்த செம்பருத்தி வேறு விதமாக ஏமாற்றியது. பத்து நாளில் பச்சைத் துளிர்கள் விட்டன, எனக்குத் தலைகால் புரியவில்லை. மூன்றாம் வாரம் எல்லாம் தொங்கிப்போய்விட்டன, இழுத்துப் பார்த்தால் ஒரு வேர்கூட இல்லை. போத்து தன்னிடம் இருந்த சேமிப்பைச் செலவழித்துத் துளிர்த்திருக்கிறது. இளநீரில் சைட்டோகைனின் என்ற இன்னொரு ஹார்மோன் உண்டு. ஆக்சின் மிகுந்தால் வேர், சைட்டோகைனின் மிகுந்தால் துளிர் என்று 1957இல் ஸ்கூக், மில்லர் என்ற ஆய்வாளர்கள் புகையிலைத் திசுவில் காட்டியதைப் பின்னர்தான் படித்தேன். என் செம்பருத்திக்கு அதுதான் நேர்ந்ததா என்று அடித்துச் சொல்ல மாட்டேன், ஆனால் வேருக்காக இளநீரை இனித் தொட மாட்டேன்.

சென்ற ஆண்டு பொடியும் வாங்கினேன். ஆக்சின் வகையைச் சேர்ந்த இண்டோல் பியூட்டிரிக் அமிலம் 0.3 சதவீதம் உள்ளது. காகிதப்பூவில் 5க்கு 4 வேர்விட்டன. வேர்கள் ஒரு பக்கமாக இல்லாமல் சுற்றிலும் கிளம்பியிருந்தன. நண்பரிடம் அதையே சொன்னேன்: ரோஜா, காகிதப்பூ போன்ற முரட்டுத் தண்டுகளுக்குப் பொடியை வாங்குங்கள், கற்றாழையை நம்பாதீர்கள்.

சொல்லிவிட்டு மறுநாள் காலை தொட்டிகளுக்குத் தண்ணீர் விடும்போது, கண்ணாடித் தம்ளரில் நட்ட ரோஜாப் போத்து கண்ணில் பட்டது. 34ஆம் நாள். கண்ணாடியை ஒட்டி வெள்ளையாக, நூலைவிடச் சற்றுத் தடித்த ஒரு வேர் இறங்கியிருந்தது, அதன் நுனி மட்டும் கண்ணாடிபோல் தெளிந்து மினுங்கியது. அது கற்றாழை தொட்டு நட்டது. சும்மா நட்டிருந்தாலும் வந்திருக்கலாம், அது எனக்கும் தெரியும். பொடி டப்பா அலமாரியில் இருக்க, நான் போய் ஒரு மடலை வெட்டி மஞ்சள் பால் வடியச் சாய்த்து வைத்தேன். இன்னும் நான்கு போத்துகள் நட வேண்டியிருக்கிறது.