டூர் பணத்தில் சந்தேக நோட்டு: பையனிடமே தருவதா, போலீஸா, பேங்க்கா?

காசிமேட்டில் விடியும் முன்பே மீன் ஏலம் தொடங்கிவிடும். அந்த நெரிசலில் ஒரு அம்மா ஈரக் கையால் வாங்கிச் சுருக்குப்பையில் செருகிய ஐந்நூறு ரூபாய், காலையில் டூர் பணமாக ராயபுரத்திலோ தண்டையார்பேட்டையிலோ ஒரு கிளாஸ் டீச்சரின் மேசைக்கு வருகிறது. தொட்டால் ஏதோ சரியில்லை.

சட்டென்று தோன்றுவது, "வேற நோட்டு கொண்டு வா" என்று பையனிடமே கொடுத்துவிடுவது. வம்பில்லைதான். ஆனால் அது அடுத்து ஏதாவது பெட்டிக்கடைக்குத்தான் போகும். கள்ள நோட்டு என்று தெரிந்தே மாற்றுவது பாரதிய நியாய சன்ஹிதா 179-ஆம் பிரிவின்படி குற்றம். தெரியாமல் கொண்டுவந்தவனுக்கு நாமே தெரியவைத்து அனுப்புகிறோம். கிழித்துப் போடுவது அதைவிட மோசம்; நல்ல நோட்டாக இருந்தால் யார் பதில் சொல்வது?

நேராகப் போலீஸ்? ஒரே பையன் திரும்பத் திரும்பக் கொண்டுவந்தால் சரி. ஒற்றை நோட்டுக்குப் பள்ளி வாசலில் ஜீப் நின்றால் தெருவே அவனுக்குப் பட்டப்பெயர் வைத்துவிடும். பேங்க்குக்கே அந்த அவசரம் இல்லை. ஒரே தடவையில் நான்கு கள்ள நோட்டு வரை மாத அறிக்கையில்தான் போலீஸுக்குச் சொல்வார்கள்; ஐந்தைத் தொட்டால்தான் எஃப்.ஐ.ஆர்.

ஜிபே மட்டும் வாங்கலாம் என்பவர்கள் காசிமேட்டுப் பக்கம் ஒருமுறை வந்து பார்க்கட்டும்.

நான் பேங்க் கட்சி. அதிலும் பெற்றோரை உடன் வைத்துக்கொண்டு போவது. வசூல் பணத்தோடு சேர்த்துக் கட்டினால் யார் கொடுத்த நோட்டு என்ற தடமே போய்விடும். பையனை ஹெச்.எம். அறைக்குத் தனியாகக் கூப்பிட்டு, அவன் கண் முன்னாலேயே நோட்டின் எண்ணை எழுதி, இன்னொரு டீச்சரும் கையெழுத்துப் போட்டு, கவரில் வைத்து ஒட்ட வேண்டும். இல்லையென்றால், "நான் நல்ல நோட்டுதான் குடுத்தேன், நீங்கதான் மாத்திட்டீங்க" என்று அம்மா சண்டைக்கு வருவார். அவரைக் குறை சொல்லவும் முடியாது.

டீச்சர் தடவிப் பார்த்துத் தீர்ப்பு சொல்ல வேண்டாம், ஈரத்தில் ஊறிய நல்ல நோட்டும் தொளதொளவென்றுதான் இருக்கும். சாய்த்துப் பார்க்கலாம்: ஐந்நூறில் பாதுகாப்பு இழை பச்சையிலிருந்து நீலத்துக்கு மாறும். முடிவு பேங்க்குடையது.

கள்ள நோட்டுதான் என்றால் முத்திரை குத்தி வைத்துக்கொண்டு ஒப்புகைச் சீட்டு தருவார்கள். பணம் வராது. இந்த வழியின் பெரிய ஓட்டை அதுதான். அதனால் டூர் பணத்துக்கு ஒரு மாதமாவது தவணை தருகிற பள்ளியில்தான் இது நடக்கும். மற்ற இடங்களில் அந்த அம்மா, "குடுங்க சார், நானே பாத்துக்கிறேன்" என்று நோட்டைக் கேட்பார்.