6 ஜிபி கார்டைக் கொடுத்துவிட்டு 8 ஜிபி கார்டு வாங்கி ஏமாந்தேன்: வேலூர்ப் பக்கத்து நண்பர்கள் கவனத்துக்கு

16,500 ரூபாய் செலவழித்து, என்னிடம் ஏற்கெனவே இருந்ததைவிட மட்டமான கிராபிக்ஸ் கார்டு (திரையில் வரும் படத்தை உருவாக்கும் பாகம்) ஒன்றை என் கம்ப்யூட்டரில் மாட்டிக்கொண்டு வந்தேன். நல்ல கார்டு கடைக்காரரிடம் போய்விட்டது. அதையும் நானேதான் எடுத்துக்கொள்ளச் சொல்லிக் கொடுத்தேன். மூன்று மாதம் ஆகியும் மனசு ஆறவில்லை. உள்ளே என்ன இருக்கிறது என்று தெரியாமல், ஆனால் ஆசையாக ஒரு கேமிங் கம்ப்யூட்டர் வாங்கி வைத்திருப்பவர்கள் வேலூர், காட்பாடி, ராணிப்பேட்டை பக்கம் நிறையப் பேர் இருப்பீர்கள். உங்களுக்காகத்தான் நடந்ததை முழுசாக எழுதுகிறேன்.

நான் ராணிப்பேட்டையில் ஒரு தோல் கம்பெனியில் கணக்கு பார்க்கிறேன். வீடு காட்பாடியில். 2020 தீபாவளி போனஸோடு கொஞ்சம் சேமிப்பையும் சேர்த்து இந்தக் கம்ப்யூட்டரை அசெம்பிள் செய்து வாங்கினேன். ஐ5 10400 ப்ராசசர், 8 ஜிபி ராம், ஜிடிஎக்ஸ் 1660 சூப்பர் 6 ஜிபி கார்டு. பெயர்கள் பில்லில் இருந்ததால் தெரியும். எது எதற்கு என்பது 2024 மே மாதம் வரை எனக்குத் தெரியாது. தம்பி கத்தாரில் இருக்கிறான். வியாழக்கிழமை இரவு அவனும் நானும் ஜிடிஏ 5 என்ற வீடியோ கேம் ஆடுவோம். அம்மாவின் சர்க்கரை, வீட்டுக் கடன், பிள்ளைகள் படிப்பு என்று எங்கள் பேச்செல்லாம் கார் ஓட்டிக்கொண்டே அந்த இரண்டு மணி நேரத்தில்தான் நடக்கும்.

சித்திரை கடைசியிலிருந்து ஆட்டம் திக்க ஆரம்பித்தது. கம்ப்யூட்டரைப் போட்டதும் பத்துப் பதினைந்து நிமிடம் நன்றாக ஓடும். அப்புறம் படம் நின்று நின்று வரும், உள்ளே ஃபேன் இரையும், தம்பி குரல்கூட விட்டுவிட்டுக் கேட்கும். "அண்ணா, நீ எங்க நிக்கிற? உன் கார் செவுத்துல மோதிக்கிட்டே இருக்கு" என்பான். மே மாதத்து வேலூர் வெயில் உங்களுக்குத் தெரியும். 40 டிகிரியைத் தாண்டிய பகல், இரவு பத்து மணிக்கும் சுவர் சுடும். ஆனால் வெயிலையும் கம்ப்யூட்டரையும் சேர்த்துப் பார்க்கத் தோன்றவில்லை. பழசாகிவிட்டது என்றுதான் நினைத்தேன்.

ஒரு சனிக்கிழமை, கேபினட்டைப் பழைய போர்வையில் சுற்றி, மைத்துனர் வண்டியின் பின்னால் மடியில் வைத்துக்கொண்டு பாலாற்றுப் பாலம் தாண்டி டவுனுக்குப் போனேன். கடைப் பெயரை இங்கே சொல்லப்போவதில்லை. பார்க்கச் சுத்தமான கடை, ஏசி, கண்ணாடிக் கதவு, உள்ளே கலர் கலராக விளக்கு எரியும் கேபினட்டுகள். கடைக்காரரிடம் நான் சொன்ன முதல் வாக்கியம் இதுதான்: "முதல் பதினைந்து நிமிஷம் நல்லா ஓடுது, அப்புறம்தான் திக்குது." நோய் என்ன என்பது அந்த வாக்கியத்திலேயே இருந்தது. அவர் அதைக் காதில் வாங்கவில்லை. கம்ப்யூட்டரை ஆன்கூடச் செய்து பார்க்கவில்லை. பக்க மூடியைக் கழற்றி டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு, "கார்டு எத்தனை ஜிபி ணா?" என்றார்.

"ஆறு."

"அதான் இன்னா பிரச்சனைன்னு தெரிஞ்சிடுச்சே. இப்ப வர்ற கேமுக்கெல்லாம் எட்டு ஜிபி இல்லாம ஓடாது ணா. புது கார்டு 15,500. உங்க கார்டுக்கு 4,000 கழிச்சிக்கிறேன். எட்டு ஜிபி கார்டுன்னா உங்க எஸ்எம்பிஎஸ் தாங்காது, அதையும் மாத்திடலாம்."

எஸ்எம்பிஎஸ் என்றால் கம்ப்யூட்டருக்குள் மின்சாரம் கொடுக்கும் பெட்டி. ஆறைவிட எட்டு பெரிசு. அவ்வளவுதான் எனக்கு அப்போது புரிந்தது. கார்டுக்கு 11,500, எஸ்எம்பிஎஸ்ஸுக்கு 3,800, சர்வீஸுக்கும் விண்டோஸ் போடுவதற்கும் 1,200. மொத்தம் 16,500 ரூபாயை ஜிபேயில் அனுப்பினேன். அவர் கொடுத்தது கோடு போட்ட ஒரு துண்டுச் சீட்டு. அதில் 'ஜி.கார்டு 8 ஜிபி' என்று மட்டும் இருந்தது. என்ன கம்பெனி, என்ன மாடல், சீரியல் நம்பர் என்ன, எதுவும் இல்லை. ஜிஎஸ்டி பில் கேட்டேன். "பில் போட்டா 18 சதவீதம் கூட வரும் ணா, உங்களுக்கு எதுக்கு வீண் செலவு" என்றார். தினமும் கம்பெனியில் பில் இல்லாத வவுச்சரைத் திருப்பி அனுப்புகிறவன் நான். அன்றைக்கு அந்தச் சீட்டை மடித்துப் பாக்கெட்டில் வைத்துக்கொண்டு வந்தேன்.

மூன்று நாள் கழித்து வாங்கப் போனபோது அங்கேயே ஓட்டிக் காட்டினார். வழுக்கிக்கொண்டு ஓடியது. ஏசி அறையில், பக்க மூடியைக் கழற்றி வைத்து, ஐந்து நிமிடம் மட்டும் ஓட்டினால் எதுவும் நன்றாகத்தான் ஓடும் என்பது இப்போது தெரிகிறது. வீட்டில் மாட்டினேன். சரியாகப் பதினைந்தாவது நிமிடம் பழைய கதையே. இன்னொன்றும் அப்போதுதான் பார்த்தேன். டெஸ்க்டாப்பில் வைத்திருந்த எல்லாம் போயிருந்தது. ஒரு வார்த்தை கேட்காமல் ஃபார்மட் செய்திருக்கிறார்கள். நானும் தம்பியும் ஆடும்போது பதிவு செய்த வீடியோக்கள் அந்த ஃபோல்டரில்தான் இருந்தன. ஒன்றில் அவனுக்குக் குழந்தை பிறந்த செய்தியை அவன் ஆட்டத்தின் நடுவே சொல்கிற குரல் இருந்தது. போன பணத்தைவிட அதுதான் எனக்குப் பெரிய நஷ்டம்.

திரும்பக் கடைக்குப் போனதற்கு, "அப்போ ப்ராசசரும் போர்டும் போயிடுச்சு ணா, 28,000 ஆகும்" என்றார். சொன்னால் நம்புவீர்களோ என்னவோ, சரி என்று சொல்ல வாயெடுத்துவிட்டேன். வீட்டுக்காரிதான் போனில், "ஒரு ரூபா கொடுக்காதீங்க. ஞாயித்துக்கிழமை உங்க அக்கா பையன் வர்றான், அவன் பார்க்கட்டும்" என்று நிறுத்தினாள்.

அக்கா மகன் சென்னையில் இன்ஜினியரிங் படிக்கிறான். வந்ததும் அவன் ஸ்க்ரூடிரைவரைத் தேடவில்லை. முதலில் பின்பக்கம் எட்டி, மானிட்டர் கேபிள் கார்டில் செருகியிருக்கிறதா, மதர்போர்டில் செருகியிருக்கிறதா என்று பார்த்தான். போர்டில் செருகினால் கார்டு சும்மா கிடக்குமாம். நிறையப் பேர் வீட்டில் இதுதான் கோளாறாம். எங்கள் வீட்டில் அது சரியாகத்தான் இருந்தது. அப்புறம் டாஸ்க் மேனேஜரைத் திறந்து பர்ஃபார்மன்ஸ் பக்கத்தைக் காட்டினான். மெமரி என்ற இடத்தில், இரண்டு ஸ்லாட்டில் ஒன்றில்தான் ராம் இருக்கிறது என்று எழுதியிருந்தது. ஆட்டம் ஓடும்போது 8 ஜிபியில் 7.6 நிரம்பியிருந்தது. "மாமா, ராம் ரெண்டு குச்சியா இருந்தா ரெண்டு பாதையில டேட்டா போகும். உங்களுக்கு ஒத்தைப் பாதை, அதுவும் நெரிசல்" என்றான்.

அடுத்து ஹெச்டபிள்யூ மானிட்டர் என்ற இலவச சாஃப்ட்வேரைப் போட்டு, ஆட்டத்தை ஓடவிட்டு, கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தான். ப்ராசசர் சூடு 60, 75, 88 என்று ஏறியது. பன்னிரண்டாவது நிமிடம் 98 டிகிரி. அந்த ப்ராசசருக்கு 100 டிகிரிதான் எல்லை. எல்லையை நெருங்கினால் அது கருகிப்போகாமல் இருக்கத் தானாகவே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். அப்போதுதான் படம் திக்குகிறது. என் கண் முன்னாலேயே வேகம் பாதியாக இறங்கியது. நான் கடையில் சொன்ன அந்தப் 'பதினைந்து நிமிஷம்' இதுதான்.

ப்ராசசர் மேல் இருக்கும் கூலரைக் கழற்றினான். நாலு வருடத் தூசி, தலையணைப் பஞ்சு மாதிரி அதன் இறக்கைகளுக்கு நடுவே அடைத்துக் கிடந்தது. சூட்டைக் கூலருக்குக் கடத்த ப்ராசசர் மேல் தடவும் தெர்மல் பேஸ்ட் காய்ந்து சுண்ணாம்பாக உதிர்ந்தது. சர்வீஸ் என்று 1,200 ரூபாய் வாங்கியவர்கள் அந்தக் கூலரைத் தொடவே இல்லை.

கார்டின் விஷயம் கடைசியில்தான் வெளியே வந்தது. ஜிபியு-ஸெட் என்று இன்னொரு இலவச சாஃப்ட்வேர். அதில் ஷேடர்ஸ் (படத்தைக் கணக்கிடும் சின்னச் சின்ன அலகுகள்) என்ற கட்டத்தில் 2048 என்று காட்டியது. கடைக்காரர் வாயால் சொன்ன பெயர் ஆர்எக்ஸ் 580. உண்மையான ஆர்எக்ஸ் 580 2017இல் வந்தது, அதில் 2304 இருக்கும். 2048 இருப்பது அதற்குக் கீழே உள்ள ஆர்எக்ஸ் 570இல். 2018இல் சீனச் சந்தைக்கென்று 580 2048எஸ்பி என்ற பெயரில் ஒன்று வந்தது, பெயரில் 580, உள்ளே ஏறக்குறைய 570. எனக்கு மாட்டியிருப்பது அதுதான். என் பழைய 1660 சூப்பர், 6 ஜிபி என்றாலும், 2019இல் வந்த புதிய வகை. மெமரியும் ஜிடிடிஆர் 6, இதில் இருக்கும் ஜிடிடிஆர் 5ஐவிட வேகமானது. மின்சாரமும் குறைவாகவே எடுக்கும், 125 வாட்தான். கார்டில் எத்தனை ஜிபி என்பது சாமான் வைக்கும் அலமாரியின் அகலம் மாதிரி. வேலை செய்கிற ஆள் எவ்வளவு வேகம் என்பதை அது சொல்லாது.

கார்டு புதிதும் இல்லை. ஸ்க்ரூ தலைகளில் துரு, தகட்டோரம் எண்ணெய்க் கசிவு, ஃபேன் நடுவில் மட்டும் பளபளவென்று புது ஸ்டிக்கர். கிரிப்டோ மைனிங்கில் (கம்ப்யூட்டரை ஓட்டி டிஜிட்டல் பணம் சம்பாதிக்கும் வேலையில்) இரவும் பகலும் ஓடிய கார்டாக இருக்கலாம் என்றான் மருமகன். 2022 செப்டம்பரில் எத்தீரியம் என்ற கிரிப்டோ பணம் அந்த முறையைக் கைவிட்டபோது அப்படிப்பட்ட கார்டுகள் உலகம் முழுக்க மூட்டை மூட்டையாகச் சந்தைக்கு வந்தன. பழைய கார்டு வாங்குவது தப்பில்லை. பழசைப் புதுசு என்று விற்பதுதான் தப்பு.

எஸ்எம்பிஎஸ் பற்றியும் சொல்லிவிடுகிறேன், இது ஆபத்தான விஷயம். என் பழையது 450 வாட், '80 பிளஸ் ப்ரான்ஸ்' (வெண்கலம்) என்ற மின்சிக்கனச் சான்று உள்ளது, கையில் கனமாக இருக்கும். புதிதாகப் போட்டதில் 650 வாட் என்று ஸ்டிக்கர், வேறு எந்த முத்திரையும் இல்லை, தூக்கினால் காலி டப்பா போல இருக்கிறது. எங்கள் தெருவில் கோடைகாலத்தில் வோல்டேஜ் ஏறி இறங்குவதற்குக் கணக்கே இல்லை. மட்டமான எஸ்எம்பிஎஸ் போகும்போது தனியாகப் போகாது, போர்டையும் கார்டையும் கூட்டிக்கொண்டு போகும். 125 வாட் கார்டுக்கு என் 450 தாராளம். மாற்றவே தேவை இருந்திருக்கவில்லை.

சரி, உண்மையில் என்ன செலவு ஆனது? தெர்மல் பேஸ்ட் 350 ரூபாய். இன்னொரு 8 ஜிபி ராம் 1,800 ரூபாய். தூசி தட்ட ஒரு பெயிண்ட் பிரஷ், வீட்டில் இருந்தது. மொத்தம் 2,150 ரூபாயில் சூடு 74 டிகிரியோடு நின்றது, திக்கலும் நின்றது. அதே வெயிலில், ஏசி இல்லாத அதே அறையில்.

மருமகனோடு கடைக்குப் போய் என் பொருட்களைத் திருப்பிக் கேட்டேன். கார்டை விற்றுவிட்டதாகச் சொன்னார்கள். அவன் ஸ்க்ரீன் ஷாட்டுகளைக் காட்டிய பிறகு குரல் மாறியது. என் எஸ்எம்பிஎஸ்ஸையும் 5,000 ரூபாயையும் எடுத்து வைத்து, 'பிரச்சினை முடிந்தது' என்று எழுதிக் கொடுக்கச் சொன்னார்கள். எழுதிக் கொடுக்கவில்லை. கொடுத்ததை வாங்கிக்கொண்டு வந்தேன். அப்புறம் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் தமிழிலேயே பேசிப் புகார் பதிவு செய்தேன். கடையிலிருந்து பதில் இல்லை. வேலூர் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்கு மனு தயார் செய்துகொண்டிருக்கிறேன். 5 லட்சம் ரூபாய் வரை கொடுத்து வாங்கிய பொருள் என்றால் மனுவுக்குக் கட்டணம் கிடையாது, வக்கீல் கட்டாயம் இல்லை, இரண்டு வருடத்துக்குள் கொடுத்தால் போதும். ஆனால் என்னிடம் இருப்பது ஜிபே ரசீதும் அந்தத் துண்டுச் சீட்டும்தான். பில் வாங்காமல் வந்ததன் வலி இந்த மனுவை எழுத உட்காரும்போதுதான் தெரிகிறது.

யாராவது இப்போது கம்ப்யூட்டரைக் கடைக்குக் கொண்டுபோக இருந்தால், தயவுசெய்து அதற்கு முந்தின நாள் இரவு மூடியைக் கழற்றி உள்ளே இருக்கும் கார்டு, ராம், எஸ்எம்பிஎஸ் ஸ்டிக்கர்களைப் போனில் படம் எடுத்து வையுங்கள், சீரியல் நம்பர் தெரிகிற மாதிரி. போட்டோ, வீடியோவை வேறு டிஸ்க்கில் காப்பி எடுங்கள். பொருளை மாற்றச் சொன்னால் எதை அளந்து பார்த்து அப்படிச் சொல்கிறார் என்று கேளுங்கள், சூடு எவ்வளவு, ராம் எவ்வளவு நிரம்புகிறது என்று திரையில் காட்டச் சொல்லுங்கள். காட்டுகிற கடைக்காரர்களும் நம் ஊரில் இருக்கிறார்கள். எனக்கு ராம் கொடுத்தவர் அப்படிப்பட்டவர்தான், வேறு எதையும் தள்ளிவிடப் பார்க்கவில்லை. மாற்றிய பழைய பொருள் குப்பை என்று சொன்னாலும் அதை வீட்டுக்குக் கொண்டுவந்துவிடுங்கள்.

கடைசியாக ஓர் உதவி. 2024 மே மாதத்துக்குப் பிறகு வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர் பக்கம் யாராவது பழைய ஜிடிஎக்ஸ் 1660 சூப்பர் வாங்கியிருந்தால், பின்பக்கம் மூலையில் சின்னதாக ஒரு நீல நட்சத்திர ஸ்டிக்கர் இருக்கிறதா என்று பாருங்கள். என் மகள் ஒட்டியது. கார்டைத் திருப்பிக் கேட்க மாட்டேன், நீங்கள் காசு கொடுத்து வாங்கியது. எந்தத் தேதியில், என்ன விலைக்கு வாங்கினீர்கள் என்று மட்டும் சொன்னால் என் மனுவோடு சேர்த்துக்கொள்வேன். அதன் ஒரிஜினல் பில்லும் பெட்டியும் என்னிடம்தான் இருக்கின்றன, வந்தால் தந்துவிடுகிறேன்.