ஓம் அளவா, வோல்ட்–ஆம்பியர் கணக்கா?

மின்தடையை அறிய இரண்டு வழிகள் கையில் இருக்கின்றன. வோல்ட், ஆம்பியர், ஓம் மூன்றையும் அளக்கும் மல்டிமீட்டரைத் தடை அளக்கும் ஓம் நிலைக்குத் திருப்பி, பொருளின் இரு முனைகளையும் தொட்டு எண்ணைப் படித்துக்கொள்வது ஒன்று. பொருளை ஓடவிட்டு, அதன் குறுக்கே உள்ள மின்னழுத்தத்தையும் அதன் வழியே செல்லும் மின்னோட்டத்தையும் அளந்து, முன்னதைப் பின்னதால் வகுப்பது மற்றொன்று. நெடுநாள் முதல் வழியையே நம்பியிருந்தேன். ஒரு சிறிய பல்புதான் என்னை இரண்டாவது வழிக்கு மாற்றியது.

ஓம் நிலையின் வசதியைச் சொல்லித் தெரியவேண்டியதில்லை. கம்பி அறுந்திருக்கிறதா, ஃபியூஸ் போய்விட்டதா, தனியே கிடக்கும் ரெசிஸ்டரின் மதிப்பு என்ன என்பதற்கெல்லாம் அதுவே போதும். தடை பெரிதாக இருந்தால் அதுதான் சிறந்ததும்கூட. 1 லட்சம் ஓம் தடையில் 12 வோல்ட் கொடுத்தால் ஓடுவது வெறும் 0.12 மில்லிஆம்பியர், மீட்டரின் 10 ஆம்பியர் அளவில் அது தென்படவே தென்படாது. மின்சாரம் ஓடும் சுற்றில் மட்டும் ஓம் நிலையை வைத்துவிடக் கூடாது.

இனி அந்தப் பல்பு. 12 வோல்ட், 21 வாட் இழை பல்பு. ஓம் நிலையில் தொட்டேன்: 0.8. மீட்டரின் இரு முனைகளை ஒன்றோடொன்று சேர்த்தாலே 0.3 காட்டியது, அதைக் கழித்தால் 0.5 ஓம். மின்னழுத்தத்தின் வர்க்கத்தைத் தடையால் வகுத்தால் திறன் வரவேண்டும். 144-ஐ 0.5-ஆல் வகுத்தேன், 288 வாட் வந்தது! பல்பின் மேலோ 21 என்று பொறித்திருக்கிறது. கணக்கை மூன்று முறை போட்டுப் பார்த்தேன். கணக்கில் தவறில்லை.

பிறகு பல்பை எரியவிட்டு அளந்தேன். அதன் முனைகளில் 12.0 வோல்ட், ஓட்டம் 1.7 ஆம்பியர். வகுத்தால் தடை ஏறக்குறைய 7 ஓம். பெருக்கினால் திறன் 20.4 வாட். இதுதான் பல்பு உண்மையில் வேலை செய்யும்போது உள்ள நிலை. டங்ஸ்டன் இழை சூடேறச் சூடேற அதன் தடை பல மடங்கு உயர்கிறது. ஓம் நிலையில் மீட்டர் செலுத்துவது மிகச் சிறிய ஓட்டம். இழை குளிர்ந்தே கிடக்கிறது. ஆகவே 0.5 என்பதும் பொய்யில்லை, அது உறங்கும் பல்பின் தடை. சுவிட்சைப் போட்ட கணத்தில் பாயும் பெரிய ஓட்டத்துக்கும், பழைய பல்புகள் பெரும்பாலும் அந்தக் கணத்திலேயே அறுந்துபோவதற்கும் அந்த எண்ணே காரணம் சொல்கிறது.

ஆனாலும் என் முடிவை உறுதிப்படுத்தியது பல்பைவிட ஒரு கம்பி இணைப்புதான். பேட்டரியிலிருந்து விளக்குகளுக்குச் செல்லும் வழியில், முறுக்கி டேப் சுற்றிய சாதாரண இணைப்பு. விளக்குகள் சற்று மங்கலாக எரிந்தன. ஓம் நிலையில் இணைப்பைத் தொட்டால் 0.3, அதாவது மீட்டர் கம்பிகளின் தடை மட்டுமே. பழுதில்லை என்று விட்டுவிட்டேன். பின்னொரு நாள் தற்செயலாகக் கை பட்டபோது இணைப்பு வெதுவெதுப்பாக இருந்தது. 5 ஆம்பியர் ஓடிக்கொண்டிருந்தபோதே இணைப்பின் இருபுறமும் வோல்ட் பார்த்தேன்: 0.25. தடை 0.05 ஓம், வீணாகும் திறன் 1.25 வாட். ஓம் நிலையால் பிரித்துக் காட்ட முடியாத 0.05 அது. ஓட்டம் இரட்டித்து 10 ஆம்பியர் ஆனால் வெப்பம் நான்கு மடங்காகி 5 வாட்டைத் தொடும், டேப் இளகும். பிரித்துச் சுரண்டி, சாலிடர் வைத்த பின் அதே 5 ஆம்பியருக்கு 0.02 வோல்ட்தான் விழுந்தது. வெப்பம் 0.1 வாட்.

இந்த வழியில் நிதானம் வேண்டும். வோல்ட்டைப் பேட்டரியின் முனையில் பார்க்காமல் பொருளின் முனையிலேயே பார்க்கவேண்டும். வழியில் உள்ள கம்பியும் ஆம்பியர் அளக்கும் மீட்டரும் தம் பங்கைத் தின்றுவிடுகின்றன. ஒரே மீட்டரை மாற்றி மாற்றி வைத்து அளந்தால், வோல்ட் பார்க்கும்போதும் பொருள் ஓடிக்கொண்டிருக்கவேண்டும். சும்மா இருக்கும் பேட்டரி 12.6 காட்டும், சுமை ஏறியதும் இறங்கும். முக்கியமாக, ஆம்பியர் துளையில் சிவப்புக் கம்பி இருக்கும்போதே வோல்ட் அளக்கப் போனால் அது நேரடிக் குறுக்குச் சுற்று. மீட்டருக்குள் ஃபியூஸ் இருந்தால் அது போகும், இல்லாவிட்டால் மீட்டரே போகும். நான் ஒரு ஃபியூஸை அப்படித்தான் இழந்தேன்.

இத்தனையும் நேர் மின்னோட்டத்துக்கு. மாறு மின்னோட்டத்தில் நான் அளந்தது குறைவு. ஹீட்டர், இஸ்திரிப்பெட்டி போன்றவற்றுக்கு இதே கணக்கு பொருந்தும். மோட்டாரில் வோல்ட்டை ஆம்பியரால் வகுத்தால் சுருளின் தடை மட்டும் வருவதில்லை, அதன் தூண்டல் விளைவும், அதாவது மாறும் ஓட்டத்தைச் சுருள் எதிர்ப்பதும், சேர்ந்தே வருகிறது. பெருக்கினால் வருவதும் வோல்ட்–ஆம்பியர்தான். உண்மையில் செலவாகும் திறனான வாட் அதைவிடக் குறைவாகவே இருக்கும். அங்கே சுருளின் தடைக்கு இணைப்பைத் துண்டித்துவிட்டு ஓம் நிலையையும், திறனுக்கு வாட் மீட்டரையுமே எடுப்பேன்.